மிலிட்டரி தாத்தா வர்றாரு!

குடியரசு தினத்துக்கு இன்னும் மூன்றே நாள். வேலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. மூன்றாம் வகுப்புக் கதவு சாத்தியிருக்கிறது. கதவு முழுக்க சாக்பீஸில் ஒரே அறிவிப்பு: "யாரும் உள்ள வரக் கூடாது. ரகசியம்!"

உங்களுக்காக அந்தக் கதவைக் கொஞ்சம் திறக்கிறேன். சத்தம் போடாமல் எட்டிப் பாருங்கள்.

ஒரு மூலையில் ஜவுளிக்கடை அட்டைப் பெட்டிகள் வெட்டுப்பட்டுத் தொப்பிகளாகிக்கொண்டிருக்கின்றன. இன்னொரு மூலையில் வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்த சாக்லேட் தாள்கள் பளபளவென்று பதக்கங்களாகின்றன. ஒரு பையனின் மூக்கில் பசை. ஒரு பெண் குழந்தையின் ஜடையில் பச்சைக் காகிதத் துண்டு. நடுவில் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு, அதன் மேல் ராஜ மரியாதையோடு உட்கார்ந்திருக்கிறது ஒரு கறுப்பு இரும்பு டிரங்குப் பெட்டி. மூடியில் வெள்ளை பெயின்ட்டில் நீளமாக ஓர் எண், ஒரு பதவி, ஒரு பெயர். பெட்டி இன்னும் திறக்கப்படவில்லை. சுற்றி நிற்கிற பிள்ளைகள் மூச்சு விட மறந்து நிற்கிறார்கள்.

இந்தப் பள்ளி தன் ஊரின் முன்னாள் படைவீரர்கள் எல்லோரையும் அழைத்து மரியாதை செய்யப்போகிறது. ஊர்க்காரர்கள் பேச்சில் அவர்கள் மிலிட்டரிக்காரர்கள், பட்டாளத்துக்காரர்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு எல்லோருமே 'மிலிட்டரி தாத்தா'. விழாவை ஊரே வந்து பார்த்துவிடும். விழாவுக்கு முந்தின இந்தக் கூத்தையும் குதூகலத்தையும் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது. அதனால்தான் இந்த ஓட்டமும் நடையுமான கட்டுரை.

"ஊர்ப் பேரும் ஆள் பேரும் போட்டுடாதீங்க. ஒருத்தர் பேரு விட்டுப்போனாலும் தெருவே கோவிச்சுக்கும்" என்றார் பெரிய டீச்சர். தலைமை ஆசிரியைக்கு இந்த ஊரில் அதுதான் பட்டம். அவர் சொல் தட்டாமல் எழுதுகிறேன்.

வேலூர் பக்கத்துப் பரம்பரை

இந்தச் சின்ன ஊரில் இத்தனை பட்டாளத்துக்காரர்களா என்று ஆச்சரியப்பட வேண்டாம். வேலூர்ப் பக்கம் பட்டாளம் என்பது தலைமுறை தலைமுறையாக வருவது. வேலூர் லாங் பஜாரில் இருக்கிற மணிக்கூண்டைப் பார்த்திருக்கிறீர்களா? முதல் உலகப் போருக்கு, 1914-18 காலத்தில், இங்கிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அதில் கல்வெட்டு இருக்கிறது. இந்த மாவட்டத்துக் கம்மவான்பேட்டையைப் பலரும் ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வீட்டுக்கு ஒருவர் என்கிற அளவுக்கு அங்கே படைக்குப் போயிருக்கிறார்கள்.

அப்படியிருந்தும் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாது! தெருமுனையில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற தாத்தா 1971 போரில் இருந்தவர் என்பதும், ரேஷன் கடை வரிசையில் அமைதியாக நிற்கிற பெரியவர் சியாச்சின் பனிமலையில் காவல் நின்றவர் என்பதும் அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. அந்தத் தாத்தாக்களும் சொல்லிக்கொள்கிற ஆட்கள் இல்லை. இந்த விழா பிறந்ததே அந்த இடைவெளியை மூடத்தான்.

இந்தியாவில் முன்னாள் படைவீரர் தினம் என்று ஒரு நாள் உண்டு: ஜனவரி 14. இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கே.எம்.கரியப்பா 1953-ல் பணி ஓய்வு பெற்ற நாள். 2016 முதல் அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். ஆனால் நம் ஊரில் ஜனவரி 14 என்றால் போகியோ பொங்கலோ வந்து நிற்கும். பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும், பிள்ளைகள் கரும்பும் கையுமாக இருப்பார்கள். "அதனாலென்ன, குடியரசு தினத்துல வெச்சுக்கலாம். கொடி ஏத்தின கையோட தாத்தாங்களுக்கு மரியாதை" என்று பள்ளி மேலாண்மைக் குழு முடிவு செய்தது. பிரமாதமான முடிவு!

நோட்டும் பென்சிலுமாக ஒரு படையெடுப்பு

முதல் வேலை பட்டியல். இதற்கான பிள்ளையார் சுழி டிசம்பர் 7, கொடிநாள் அன்றே போட்டாகிவிட்டது. 1949 முதல் ஒவ்வொரு வருஷமும் முப்படையினர், முன்னாள் படைவீரர்கள், அவர்கள் குடும்பங்களின் நலனுக்காக நிதி திரட்டுகிற நாள் அது. சிவப்பு, கருநீலம், இளநீலம் என்று மூன்று நிறத்தில் சின்னக் கொடி வருமே, தரைப்படைக்கு ஒன்று, கடற்படைக்கு ஒன்று, விமானப்படைக்கு ஒன்று. அதைச் சட்டையில் குத்திக்கொண்டு நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தெருத் தெருவாகக் கிளம்பினார்கள். உண்டியலோடு ஒரு நோட்டும் போனது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வி: "உங்க வூட்ல யாராச்சும் மிலிட்டரில இருந்தாங்களா?"

நோட்டு நிறைந்தது. வீடுகள் பிள்ளைகளை உட்கார வைத்து முறுக்கு கொடுத்தன. சுவரில் மாட்டிய கறுப்பு வெள்ளைப் படங்கள் இறக்கித் துடைக்கப்பட்டன. 'பேர் என்ன' என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துப் பதில் சொல்கிற எண்பது வயதுத் தாத்தாக்கள்கூட, 'உங்க மிலிட்டரி நம்பர் என்ன' என்று கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரே மூச்சில் ஒப்பித்தார்கள். ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு அதில் அளவில்லாத ஆச்சரியம். "டீச்சர், வாய்ப்பாடு நமக்கே மறந்துபோவுது. அவரு முப்பது வருஷம் ஆகியும் மறக்கல!"

அழைப்பிதழ் எழுதும்போது இன்னொரு புதையல் கிடைத்தது. ஒரு வீட்டில் கொடுத்த பழைய இன்லேண்டு லெட்டரில் முகவரிக்குக் கீழே '56 ஏ.பி.ஓ.' என்று இருந்தது. அது எந்த ஊர்? அட்லஸில் தேடினார்கள். இல்லை! கடைசியில் பட்டியலில் இருந்த ஒருவர்தான் விளக்கினார். பிள்ளைகளுக்கு அவர் 'ஹவில்தார் தாத்தா'. அது ஊரே இல்லை. ராணுவத் தபால் நிலையத்தின் எண். வீரர் எந்த மலையில், எந்தப் பாலைவனத்தில் இருந்தாலும் வீட்டிலிருந்து எழுதுகிறவர்களுக்கு முகவரி ஒன்றுதான்: எண், பதவி, பெயர், படைப்பிரிவு, அப்புறம் 56 ஏ.பி.ஓ. கிழக்குப் பக்கம் இருந்தால் 99 ஏ.பி.ஓ. எங்கே இருக்கிறார் என்பது வீட்டுக்கும் தெரியாது, எதிரிக்கும் தெரியாது. கடிதம் மட்டும் சரியாகப் போய்ச் சேரும்.

பிள்ளைகள் துள்ளிக் குதித்துவிட்டார்கள். எல்லா அழைப்பிதழ்களும் மறுபடி எழுதப்பட்டன. பக்கத்துத் தெருவுக்குப் போகிற அட்டையிலும் முறைப்படி எண், பதவி, பெயர்! கொண்டுபோய்க் கொடுத்தபோது ஒரு தாத்தா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பதவியோடு சேர்த்து அவர் பெயரை யாரும் எழுதி எவ்வளவு காலம் ஆகியிருக்கும்!

சல்யூட்டில் மூன்று வகை

காலை உணவு முடிந்து தட்டு கழுவிய ஈரம் காய்வதற்குள் மைதானத்தில் அணிவகுப்புப் பயிற்சி. பயிற்சியாளர் யார் தெரியுமா? ஹவில்தார் தாத்தாவேதான். மரியாதை வாங்க வேண்டியவரே முன்னால் வந்து நின்று பழக்குகிறார். "சும்மா உக்காந்து மாலை வாங்கிக்கிறதுக்கு எனக்குத் தெரியாதும்மா, வேலை குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

"சாவ்தான்!" என்கிறார். ஒன்றாம் வகுப்பு அத்தனையும் விறைக்கிறது. "விஷ்ராம்!" கால்கள் அகலுகின்றன. "தேஜ் சல்!" கிளம்பிவிட்டது படை. "தம்!" என்றதும் முன்வரிசை நிற்க, பின்வரிசை அதன் மேல் மோத, ஒரே சிரிப்பு. தாத்தாவுக்கும் சிரிப்பு. ஆனால் உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டு, "மறுபடியும்!"

அப்புறம் சல்யூட். இங்கேதான் எனக்கே புதிதாக ஒரு பாடம் கிடைத்தது. முப்படைக்கும் சல்யூட் ஒன்று போல இருக்காது! தரைப்படையில் உள்ளங்கை விரிந்து எதிரில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும். கடற்படையில் உள்ளங்கை தரையைப் பார்க்கும். விமானப்படையில் கை 45 டிகிரி சாய்வில் நிற்கும். அந்தச் சாய்வு 2006-ல்தான் வந்தது. அதற்கு முன்பு விமானப்படையும் தரைப்படை மாதிரியேதான் சல்யூட் அடித்தது.

பட்டியலில் விமானப்படையிலிருந்து இரண்டு பேர். ஒருவர் 2006-க்கு முன்னால் ஓய்வு பெற்றவர், இன்னொருவர் பின்னால். ஆகவே அவர்கள் இருவரின் சல்யூட்டும் வேறு வேறு! மூன்றாம் வகுப்புப் பையன்கள் இதைக் கண்டுபிடித்ததிலிருந்து அவர்களைக் கையில் பிடிக்க முடியவில்லை. எந்தத் தாத்தா வந்தால் எந்த சல்யூட் என்று தனியாக ஒரு அட்டவணை போட்டு மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

பட்டாளப் பெருமையிலும் போட்டி உண்டு. ஹவில்தார் தாத்தா மெட்ராஸ் ரெஜிமென்ட். 1758-ல் தொடங்கியது, இந்திய ராணுவத்தின் மிகப் பழைய படைப்பிரிவுகளில் ஒன்று, நீலகிரி வெலிங்டனில் அதன் பயிற்சி மையம். இன்னொரு தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி அகற்றுவதெல்லாம் இந்தப் பொறியாளர் படையின் வேலை. பெங்களூருதான் தலைமையிடம். இந்தப் படை வீரர்களை ராணுவம் முழுக்க என்ன சொல்லிக் கூப்பிடும் தெரியுமா? 'தம்பி'! பஞ்சாப்காரரும் வங்காளியும்கூட 'தம்பி' என்றுதான் சொல்வார்களாம். எழுபது வயதுத் தாத்தா "நான் தம்பிடா!" என்று மார் தட்டினால் பிள்ளைகளுக்குச் சிரிப்பு தாங்குமா?

மெட்ராஸ் ரெஜிமென்டின் போர் முழக்கத்தைச் சொல்லித் தரச் சொல்லி ஒரே நச்சரிப்பு. "வீர மதராஸி! அடி கொல்லு, அடி கொல்லு!" என்று தாத்தா முழங்கியதும் மைதானத்து வேப்பமரக் காக்கைகள் பறந்துவிட்டன. பெரிய டீச்சர் ஓடி வந்தார். சின்னப் பேச்சுவார்த்தை நடந்தது. பிள்ளைகள் 'வீர மதராஸி' வரை மட்டும் சொல்வது, மிச்சத்தைத் தாத்தா மட்டும் சொல்வது என்று ஒப்பந்தம். பெரிய டீச்சர் சொன்னதுதான் சரி என்று முதலில் ஒப்புக்கொண்டவர் தாத்தாதான். "அது போர்க்களத்துப் பேச்சு. இது பள்ளிக்கூடம்" என்றார்.

பூவிதழும் ஒரு முடிச்சும்

எல்லாப் பள்ளி விழாவிலும் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்குகிற ஒரு நொடி உண்டு. கயிற்றை இழுத்ததும் கொடி விரியுமா, மாட்டிக்கொள்ளுமா? சுதந்திர தினத்தில் கொடி கீழிருந்து மேலே ஏறும். குடியரசு தினத்தில் கம்பத்து உச்சியிலேயே மடித்துக் கட்டப்பட்டிருக்கும், இழுத்தால் விரிய வேண்டும். அந்த முடிச்சில்தான் எல்லாம் இருக்கிறது!

சாப்பர் தாத்தா அந்த முடிச்சை ஐந்தாம் வகுப்புக்குக் கற்றுத் தருகிறார். பயிற்சிக்குத் தேசியக் கொடியைத் தொட விடவில்லை. தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அதில்தான் பழக்கினார். முதலில் நீளவாக்கில் மடிப்பு. அதற்குள் சாமந்தி, ரோஜா இதழ்கள். சுருட்டல். கயிற்றை ஒரு சுற்று சுற்றி, ஒரு கண்ணியை உள்ளே நுழைத்து, இழுத்தால் அவிழ்கிற மாதிரி ஒரு பிடி. "இறுக்கினா அவிழாது. விட்டா காத்துலயே அவிழ்ந்துடும். விரல்ல தெரியணும்" என்கிறார்.

கொடிக்குள் பூ வைக்கலாமா என்று ஒரு சுட்டிப் பெண் கேட்டாள். நல்ல கேள்வி! கொடியில் எதையும் வைத்துச் சுமக்கக் கூடாது என்பதுதான் விதி. ஆனால் குடியரசு தினம், சுதந்திர தினம் போன்ற நாட்களில் விரிப்பதற்கு முன் பூவிதழ் வைப்பதற்குத் தடையில்லை என்று 2002-ம் ஆண்டின் இந்தியக் கொடி விதித் தொகுப்பே சொல்கிறது. நீள அகலம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் இருக்க வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. உடனே ஸ்கேல் வந்தது, அளந்தார்கள், சரியாக இருந்தது, கைதட்டல்!

துண்டு பத்துப் பதினைந்து தடவை மேலே போய் வந்தது. ஒவ்வொரு தடவை விரியும்போதும் இதழ்கள் கீழே நிற்கிற ஒன்றாம் வகுப்பின் தலையில் கொட்டின. ஒன்றாம் வகுப்புக்கு இந்த ஒத்திகை போதவே இல்லை.

திறந்தது பெட்டி!

இப்போது அந்த ரகசிய அறைக்குத் திரும்புவோம். டிரங்குப் பெட்டியின் சொந்தக்காரர் நடுங்கும் கையோடு வந்து தாழ்ப்பாளை விலக்குகிறார். பூச்சி உருண்டை வாசம் குப்பென்று வருகிறது. ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன: கம்பளிக் கையுறை, சாப்பாட்டுத் தகர டப்பா, எனாமல் குவளை, படைப்பிரிவோடு வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட நீளமான புகைப்படம், ஒரு கட்டுக் கடிதம். கடைசியாக, ஒரு கைக்குட்டையில் சுற்றிய பதக்கங்கள்.

அறிவியல் பெட்டியிலிருந்து பூதக்கண்ணாடி வந்தது. பதக்கத்தின் விளிம்பில் ஏதோ இருக்கிறதே! உருட்டி உருட்டிப் படிக்கிறார்கள். எண், பதவி, பெயர்! பெட்டி மூடியில் இருக்கிற அதே எண்! படை கொடுக்கிற பதக்கத்தின் விளிம்பில் அது யாருடையது என்று பொறித்துக் கொடுப்பார்கள் என்பது அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. இது 1971 போருக்கான சங்க்ராம் பதக்கம். அது கார்கில் காலத்து ஆபரேஷன் விஜய் பதக்கம். இந்த ஒன்று மட்டும் ஏன் நிறையப் பேரிடம் இருக்கிறது? இந்தியா சுதந்திரமடைந்த ஐம்பதாவது ஆண்டில், 1997 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்த எல்லோருக்கும் கொடுத்தது அது. துப்பறியும் வேலை தோற்றது போங்கள்!

சாக்லேட் தாள் பதக்கம் செய்துகொண்டிருந்த கூட்டம் எழுந்து வந்து பார்த்தது. திரும்பிப் போய், தாங்கள் செய்த ஒவ்வொரு பதக்கத்தின் விளிம்பிலும் பேனாவால் எண்ணும் பதவியும் பெயரும் எழுத ஆரம்பித்தது. யாரும் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் நின்ற எனக்குத் தொண்டை அடைத்தது.

கேள்விப் பெட்டி

இந்த விழாவின் உயிர் எது என்று கேட்டால் மாலையும் சால்வையும் இல்லை. ஒரு ஷூ டப்பாவில் துளை போட்டு வைத்த கேள்விப் பெட்டிதான். யார் என்ன கேட்க நினைத்தாலும் எழுதிப் போடலாம். எழுதத் தெரியாத ஒன்றாம் வகுப்புக்கு ஐந்தாம் வகுப்பு எழுதிக் கொடுக்கும்.

மாலையில் டீச்சர்கள் உட்கார்ந்து பிரித்தார்கள். கூடவே நானும். அடடா, என்ன கேள்விகள்! "பனில எப்பிடி குளிப்பீங்க?" "துப்பாக்கி எவ்ளோ கனம்?" "ரயில்ல எத்தினி நாள் போவணும்?" "இந்தி தெரியாம எப்பிடிப் பேசுனீங்க?" "அம்மா ஞாபகம் வந்தா இன்னா பண்ணுவீங்க?" "உங்களுக்கு பயமா இருந்துச்சா?"

பெரிய டீச்சர் பிள்ளைகளுக்கு இரண்டே விதி வைத்திருந்தார். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்கக் கூடாது. கேட்ட கேள்விக்குத் தாத்தா உடனே பதில் சொல்லவில்லை என்றால் அவசரப்படுத்தாமல் காத்திருக்க வேண்டும். எவ்வளவு பெரிய விதிகள் இவை! பெரியவர்கள் பலருக்கே இது தெரியாது.

ஒரு சீட்டு மட்டும் மேஜையில் தனியாகக் கிடந்தது. "உங்களோட போன எல்லாரும் திரும்பி வந்தாங்களா?" இதைக் கேட்க விடலாமா? டீச்சர்கள் தயங்கினார்கள். ஹவில்தார் தாத்தாவிடமே கொண்டுபோய்க் காட்டினார்கள். அவர் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "கேக்கட்டும்மா. யாராச்சும் கேக்க மாட்டாங்களான்னுதான் இருக்கு" என்றார்.

வீட்டிலிருந்தே காவல் காத்தவர்கள்

பட்டியல் நோட்டில் இன்னொரு பக்கமும் உண்டு. அது நான்காம் வகுப்பு டீச்சரின் யோசனை. படைக்குப் போனவர்களின் மனைவிமார். வருஷத்துக்கு ஒரு தடவை விடுமுறை, இடையில் கடிதமும் மணியார்டரும் மட்டும். பிள்ளை பெற்றது, மாமியாருக்கு வைத்தியம் பார்த்தது, நிலத்தைக் காப்பாற்றியது எல்லாம் இவர்கள். கணவர் இறந்துவிட்ட பாட்டிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அழைப்பு, அவர்களுக்கும் முதல் வரிசை, அவர்களுக்கும் தனித்தனிப் பதக்கம்.

ஒரு பாட்டி அழைப்பிதழை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டச் சொன்னார். எண்ணை வாசித்த பெண் ஒரு இலக்கத்தைத் தவறவிட்டுவிட்டாள். பாட்டி சட்டென்று திருத்தினார். "அவரு நம்பரு எனக்கும் மனப்பாடம் கண்ணு. எவ்ளோ லெட்டர் போட்டிருக்கேன்!"

படா கானா

சமையல் கட்டிலும் புரட்சி! சத்துணவுக்கூடத்து ஆயாவுக்குத் துணையாக வந்து நிற்கிறார் ராணுவத்தில் சமையல்காரராக இருந்த இன்னொரு தாத்தா. ராணுவத்தில் சமையற்கூடத்துக்கு லங்கர் என்று பேர். அதனால் இவர் லங்கர் தாத்தா. மைதாவும் சர்க்கரையும் நெய்யும் பிசைந்து, சதுரமாக வெட்டி, பொரித்து அவர் செய்கிற ஷக்கர்பாரா பட்டாளத்தில் பெரிய பேர் பெற்ற தின்பண்டம். கெடாமல் இருக்கும், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மலை ஏறலாம். ருசி பார்க்கிற சாக்கில் அடுக்களை வாசலில் நீண்ட வரிசை. நானும் நின்றேன். சத்தியமாக அருமை!

ராணுவத்தில் முக்கியமான நாட்களில் 'படா கானா' என்று ஒரு விருந்து நடக்கும். அதிகாரியும் ஜவானும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. குடியரசு தினத்தன்று பள்ளியிலும் அதேதான். தாத்தா, பாட்டி, டீச்சர், ஆயா, ஒன்றாம் வகுப்பு, ஊராட்சித் தலைவர் எல்லோருக்கும் ஒரே பந்தி. பக்கத்தில் யார் உட்கார்வது என்பதற்குச் சீட்டு குலுக்கிப் போட்டாகிவிட்டது. ஒவ்வொரு தாத்தாவுக்கும் ஒரு பக்கம் ஒரு பொடியன், இன்னொரு பக்கம் ஒரு பொடிசு!

அந்த நாள்

வந்தேவிட்டது! வெளுத்த சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, நெஞ்சில் நிஜப் பதக்கங்கள். வாசலில் நின்ற மூன்றாம் வகுப்பு, அட்டவணை பிசகாமல் ஆளுக்கேற்ற சல்யூட் அடித்தது. கடற்படைத் தாத்தா வந்தபோது எல்லா உள்ளங்கையும் ஒன்றாகத் தரையைப் பார்த்ததும் அவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு அதே முறையில் திருப்பி அடித்தார் ஒரு சல்யூட்!

ஊராட்சித் தலைவர் கயிற்றை இழுத்தார். முடிச்சு அவிழ்ந்தது. கொடி விரிந்தது. இதழ்கள் கொட்டின. சாப்பர் தாத்தா ஐந்தாம் வகுப்பைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

அப்புறம் கேள்விகள். துப்பாக்கி நாலு கிலோவுக்கு மேலே கனம் என்றதும் "ஹா!" சியாச்சினில் ஆரஞ்சுப் பழம் கல்லாக உறைந்துவிடும், குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் பனியை அடுப்பில் வைத்து உருக்க வேண்டும் என்றதும் "ஹாஹா!" பயமா இருந்ததா என்று கேட்ட பெண்ணிடம் ஒரு தாத்தா சொன்னார்: "இருந்துச்சும்மா. ஏன் இல்லாம? ஆனா பக்கத்துல நிக்கிறவன விட்டுட்டு ஓட மனசு வராது. அதான் நின்னோம்."

அந்தக் கடைசிச் சீட்டையும் கேட்டார்கள். ஹவில்தார் தாத்தா உடனே பதில் சொல்லவில்லை. பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஒரு குழந்தைகூட அசையவில்லை. பிறகு அவர் ஒரு பெயரைச் சொன்னார். வேறு மாநிலத்துக்காரர், ஒரே டென்டில் படுத்தவர், திரும்பாதவர். அவர் எப்படிச் சிரிப்பார், எப்படிப் பாடுவார் என்று சொல்லிக்கொண்டே போனார். ஐந்தாம் வகுப்புப் பெண் எழுந்து கரும்பலகையில் இருந்த வந்தோர் பட்டியலின் கீழே அந்தப் பெயரையும் எழுதினாள். ஊரே எழுந்து நின்றது.

இந்த விழாவுக்கு ஆன செலவு மிகக் குறைவு. பசையும் அட்டையும் சர்க்கரையும் மைதாவும்தான். படைவீரர்களுக்கு நாம் சிலை வைக்கிறோம், தெருவுக்குப் பேர் வைக்கிறோம், நல்ல காரியங்கள்தான். ஆனால் உயிரோடு இருக்கிற ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து, கேள்வி கேட்டு, பதில் வரும்வரை பொறுமையாகக் காத்திருப்பதை விடப் பெரிய மரியாதை இல்லை என்பது என் தீர்மானமான கருத்து. அதை ஒரு தொடக்கப்பள்ளி செய்து காட்டியிருக்கிறது.

உங்கள் ஊர்ப் பள்ளியிலும் இதைச் செய்யலாம். வருகிற டிசம்பர் 7 கொடிநாளன்று பிள்ளைகள் கையில் ஒரு நோட்டைக் கொடுத்துத் தெருவுக்கு அனுப்புங்கள். உங்கள் மாவட்டத்தின் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையும் கேட்டுப் பாருங்கள். பட்டியலில் மனைவிமாரையும், கணவரை இழந்தவர்களையும் மறக்காமல் சேருங்கள். எண், பதவி, பெயர் மூன்றையும் பிழையில்லாமல் எழுதுங்கள். 1971 போரில் நின்றவர்களுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.